மேசையும் முதுகும்: கணினிப் பணியிடம் பற்றி ஓர் ஆய்வு

கணினி முன் நாள் முழுதும் உட்கார்ந்து பிழைப்பவர்களின் தொகை தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குள் பெருகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் சென்னை தரமணியில் டைடல் மென்பொருள் பூங்கா திறக்கப்பட்டபோது கணினி வேலை ஒரு சிறு வட்டத்தாருக்கே உரியது. இன்று இ-சேவை மையப் பணியாளர், அச்சகத்தில் பக்கம் கோக்கும் டி.டி.பி. ஆபரேட்டர், நகைக்கடைக் கணக்கர், வங்கி எழுத்தர், வட்டாட்சியர் அலுவலக உதவியாளர் என எல்லோருடைய பகல்பொழுதும் திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே கழிகிறது. கழுத்துவலி, தோள் இறுக்கம், மரத்துப்போகும் விரல்கள், இடுப்புவலி, கண் எரிச்சல் ஆகியவை அந்த வேலையோடு சேர்ந்தே வரும் என்று பலர் ஏற்றுக்கொண்டும்விட்டார்கள்.

நல்ல நாற்காலி வாங்கினால் சரியாகும் என்கிறார் விற்பவர். கூன் போடாமல் உட்கார் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். நின்றுகொண்டே வேலை செய்வதுதான் நல்லது என்கிறது புதிய விளம்பரம். இவற்றில் எது எந்த அளவுக்கு உண்மை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உடலைக் கெடுப்பது ஒரே நிலையில் நெடுநேரம் அசையாதிருத்தல். மேசையையும் நாற்காலியையும் உடலுக்கு ஏற்றபடி அமைப்பது பாதி வேலை. அந்த உடல் அசைவதற்கு நேரமும் அனுமதியும் தருவது மீதிப் பாதி.

எழுத்தர் நோயின் வரலாறு

இது கணினியோடு வந்த நோய் அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் வந்த அதன் விரிந்த பதிப்பில் எழுத்தர்களுக்கென ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். அவர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களை அவர் கண்டார்: ஓயாத உட்காரல், கையை எப்போதும் ஒரே விதமாக அசைத்தல், பிழை நேரக்கூடாதே என்ற மன இறுக்கம். எழுதி எழுதி வலது கை செயலிழந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், விரைவிலேயே அந்தக் கையும் அதே நிலைக்கு வந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த மூன்று காரணங்களில் ஒன்றைக்கூட நீக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தர்களின் கைப்பிடிப்பு மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. தந்திக் கருவி வந்ததும் அதே துன்பம் தந்திப் பணியாளர்களுக்கும் வந்தது. பிரிட்டன் 1908இல் தந்திப் பணியாளரின் கைப்பிடிப்பை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கைவலி என்பது தனிமனிதரின் பலவீனம் அல்ல, வேலையின் விளைவு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட முக்கியமான நிகழ்வு அது.

1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டுப் பணியாளர்களிடையே கைவலி அலையாகப் பரவியது. அங்கே டெலிகாம் ஆஸ்திரேலியா நிறுவனத்தில் வந்த புகார்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மிக வேகமாகத் தட்டச்சு செய்த தந்திப் பிரிவினரைவிட, மிகக் குறைவாகவே விசைகளைத் தட்டிய தொலைபேசி இணைப்பாளர்களிடம்தான் நோய் பன்மடங்கு அதிகமாக இருந்தது. விசையைத் தட்டும் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்காது. கண்காணிப்பின் அழுத்தம், தன் வேலையின் வேகத்தைத் தானே முடிவு செய்ய முடியாமை, அசைவற்ற இருக்கை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்ற பாடத்தை அந்த அனுபவம் தந்தது. ராமசினி சொன்ன மன இறுக்கம் வெறும் ஊகம் அல்ல என்பது இதனால் உறுதியாகிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

அசையாத வேலையில் தசைக்கு இளைப்பாறல் கிடைப்பதில்லை. இயங்கும் தசை சுருங்கியும் தளர்ந்தும் தன்வழியே ரத்தத்தை ஓடவிடுகிறது. இறுகியே இருக்கும் தசையோ தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நெருக்குகிறது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவரைவிட, ஒரு டம்ளர் தண்ணீரைக் கை நீட்டிப் பிடித்தபடி நிற்பவருக்குத் தோள் முதலில் சலித்துப்போகும். எட்டத்தில் இருக்கும் மவுஸைப் பிடிக்கக் கையை நீட்டிவைத்திருக்கும் பணியாளரின் தோளுக்கு நேர்வதும் அதுவே. சுமை சிறியது, ஆனால் அது இறக்கி வைக்கப்படுவதே இல்லை.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ. அது தோளுக்கு நேர்மேலே இருக்கும்வரை எலும்புகளே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாழ்வான லேப்டாப் திரையை நோக்கி அது முன்னே சாய்ந்தால், விழாமல் பிடித்துநிறுத்தும் வேலை பின்கழுத்துத் தசைகளின் மேல் விழுகிறது. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்குகளுக்கு வேறொரு தேவை உண்டு. வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக்குழாய்கள் அநேகமாக இல்லை. அழுத்தம் கூடியும் குறைந்தும் மாறும்போது உள்ளே புகும் நீர்மத்தின் வழியாகவும் அதற்கு ஊட்டம் சேர்கிறது. அசைவே அதற்கு உணவு.

மணிக்கட்டில் எலும்பும் தசைநாரும் சூழ்ந்த குறுகிய வழியொன்று உண்டு. கார்பல் டனல் எனப்படும் அந்த வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் செல்கின்றன. மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளையும்போது அங்கே அழுத்தம் கூடும். ஆனால் கணினியே இந்த நரம்பு நோய்க்கு முதன்மைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான கணினிப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வு, மவுஸை அதிகம் பயன்படுத்துவோருக்கு விரல் மரத்துப்போவது கூடுகிறது என்றாலும் உறுதியான கார்பல் டனல் நோய் அரிதாகவே வருகிறது என்று கண்டது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் அந்நோயைத் தூண்டும். ஆகவே இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து உறக்கம் கலைந்தால், மவுஸை மாற்றிவிட்டு இருந்துவிடாமல் மருத்துவரிடம் போய்ச் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண் எரிச்சலுக்கும் வறட்சிக்கும் அதுவே பெரிய காரணம். குளிரூட்டியின் காற்று நேராக முகத்தில் படும் இருக்கையில் இது இன்னும் மோசமாகும்.

செங்கோண இருக்கை என்னும் நம்பிக்கை

இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் 90 பாகையில் இருக்க முதுகு நிமிர்ந்து அமரும் படம் எல்லா வழிகாட்டிகளிலும் உண்டு. அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் சான்றுகள் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானவை அல்ல. 1960களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று கண்டார். பல ஆண்டுகள் இதுவே வேதவாக்காக இருந்தது. 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோஆகிம் வில்கேயின் குழு நவீனக் கருவியால் அளந்தபோது, தளர்வாக உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடச் சற்றே குறைவாகவும், சாய்ந்து சரிந்து உட்காரும்போது இன்னும் குறைவாகவும் இருந்தது. அந்த அளவீடு ஒரே ஒரு தன்னார்வலரிடம் செய்யப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

டென்மார்க் அறுவை மருத்துவர் ஏ. சி. மாண்டல் செங்கோண இருக்கையைக் கடுமையாக எதிர்த்தார். தொடை சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்தால்தான் இடுப்பின் இயல்பான வளைவு காக்கப்படும் என்பது அவர் வாதம். 2006இல் ஸ்காட்லாந்தில் எம்.ஆர்.ஐ. கருவி கொண்டு செய்த சிறிய ஆய்வு ஒன்று, உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகை இருக்கும்படி பின்சாய்ந்த நிலையில் டிஸ்குகள் குறைவாக நெருக்கப்படுவதைக் காட்டியது. இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய முடிவு, 90 பாகையைக் கைவிட்டு 135ஐப் பிடித்துக்கொள்வது அல்ல. எல்லா நேரத்துக்கும் ஏற்ற ஒரே நிலை கிடையாது. சற்றுப் பின்சாயலாம், நிமிரலாம், கொஞ்ச நேரம் முன்னே வரலாம். இவற்றையெல்லாம் தடையின்றி மாற்றவிடும் நாற்காலியே நல்ல நாற்காலி.

யாருடைய அளவு?

நம் ஊரில் இந்தச் சிக்கலுக்குத் தனியான ஒரு காரணம் இருக்கிறது. அலுவலக மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரத்தில் செய்யப்படுகின்றன. இது உயரமான மேலைநாட்டு ஆண்களுக்குப் பொருந்தும் அளவு. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அந்த உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய அமர்ந்தால் இருக்கையின் உயரம் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். முழங்கை அதற்கு மேல் சுமார் 20 சென்டிமீட்டரில் இருக்கும். அவருக்குத் தட்டச்சு செய்ய ஏற்ற உயரம் 60 சென்டிமீட்டரை ஒட்டியது. மேசையோ 15 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. அவர் நாள் முழுதும் தோளைத் தூக்கிவைத்து வேலை செய்ய வேண்டும், அல்லது நாற்காலியை உயர்த்திக் கால் தொங்க உட்கார வேண்டும். கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும்.

இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலை வெளியிட்டது. அளவுகள் கையில் இருந்தும், அலுவலகத்துக்கு மொத்தமாக மேசை வாங்குபவர்கள் அவற்றைக் கேட்டு வாங்குவதில்லை. உயரம் குறைந்தவரின் வலியை அவருடைய பலவீனம் என்று சொல்வது அநீதி. பொருந்தாத மேசையே அங்கே குற்றவாளி.

அமைக்கும் முறை

பணியிடத்தை அமைக்கும்போது வரிசைமுறை முக்கியம். முழங்கையிலிருந்து தொடங்க வேண்டும். கீபோர்டும் மவுஸும் அமர்ந்த நிலையில் முழங்கையின் உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை தாழ்வாக இருக்க வேண்டும். மேசையின் உயரத்தை மாற்ற முடியாதென்றால், முழங்கை அந்த உயரத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். பிறகு பாதத்துக்கு அடியில் ஏதேனும் வையுங்கள். வீட்டில் இருக்கும் மணைப்பலகையோ தாழ்வான முக்காலியோ போதும். கடையில் விற்கும் கால்தாங்கி கட்டாயம் இல்லை.

இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கை அதைவிட ஆழமாக இருந்தால் முதுகு பின்னே சாயவே சாயாது. சாய்மானத்தின் புடைப்பு இடுப்புக் குழிவில் பொருந்த வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் சுருட்டிய துண்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடிகள் நாற்காலியை மேசைக்குள் நுழையவிடாமல் தடுத்தால் அவற்றைத் தாழ்த்துவதோ கழற்றுவதோ மேல்.

மவுஸ் கீபோர்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். வலப்புறம் எண் விசைகள் கொண்ட அகலமான கீபோர்டு மவுஸைத் தள்ளிவைக்கிறது. எண்கள் அதிகம் அடிக்காதவர்களுக்குக் குறுகிய கீபோர்டு தோளைக் காக்கும். கீபோர்டின் பின்னால் இருக்கும் சிறு கால்களை மடக்கிவிடுங்கள். அவை உயர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மணிக்கட்டைத் தாழவிடாமல் விரல்களை வளைத்து மெதுவாகத் தட்டச் சொல்லும் நம் தட்டச்சுப் பயிலகங்களின் பழைய பாடம் இன்றும் செல்லுபடியாகும். தமிழில் நிறைய எழுதுவோர் 1999இல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகலாம். உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்வரிசையை வலக்கையிலும் பிரித்துவைத்து, பல இடங்களில் புள்ளியைத் தானே இடுவதால், ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிப்பதைவிட விரல்களுக்கு வேலை குறைகிறது.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம் ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் முகத்தை முன்னே நீட்டாமல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதியில் வாசிப்புக் கண்ணாடி உள்ளவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லையேல் மோவாயை உயர்த்திப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகும். சன்னல் கணினித் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், முன்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

லேப்டாப் பிறவியிலேயே குறையுள்ள பணியிடம். திரை கண்ணுக்குச் சரியாக இருந்தால் கீபோர்டு உயரமாகிவிடும், கீபோர்டு சரியாக இருந்தால் திரை தாழ்ந்துவிடும். நாள்தோறும் சில மணி நேரம் அதில் வேலை செய்பவர் தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு, தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைக்கலாம். 2020இல் ஊரடங்கின்போது சாப்பாட்டு மேசையிலும் கட்டிலிலும் தொடங்கிய வேலை பல வீடுகளில் இன்னும் அப்படியே தொடர்கிறது. லேப்டாப்பை உயர்த்தித் தனிக் கீபோர்டு வைப்பதே அங்கெல்லாம் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் மாற்றம்.

சோதனைகள் சொல்வது

இவ்வளவும் செய்தால் வலி நின்றுவிடுமா? அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கெர்ரின் குழு புதிதாகக் கணினி வேலையில் சேர்ந்த 632 பேரைத் தொடர்ந்து கவனித்தது. முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி தோன்றியது. கீபோர்டை மேசை விளிம்பிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி வைத்தவர்களுக்குக் கைவலி குறைவாக இருந்தது. முன்கைக்கு மேசையில் ஆதரவு கிடைப்பது அதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் அதே குழு பின்னர் பணியாளர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான அமரும் முறையையும் மற்றொரு பிரிவினருக்கு வேறொரு முறையையும் கற்பித்து, எதுவும் கற்பிக்கப்படாத பிரிவோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 'இப்படி உட்கார்' என்று சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது.

கருவியும் கற்பித்தலும் சேரும்போது பயன் தெரிகிறது. பென்ஜமின் அமிக்கின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், பல விதமாக மாற்றியமைக்கக்கூடிய நாற்காலியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. டேவிட் ரெம்பல் 2006இல் வெளியிட்ட, 182 கால் சென்டர் பணியாளர்களை ஆராய்ந்த சோதனையில், முன்கையைத் தாங்கும் அகலப் பலகை கழுத்து, தோள் வலியைக் குறைத்தது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது ஓய்வு பற்றிய சோதனை. அமெரிக்க வருமான வரித் துறையின் தரவுப் பதிவாளர்களை அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2000இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத மணி நேரங்களிலும் 5 நிமிட ஓய்வு சேர்க்கப்பட்டது. நாளுக்கு 20 நிமிடம் கூடுதல் ஓய்வு. உடல் நோவும் கண் நோவும் குறைந்தன. வேலையின் அளவு குறையவில்லை. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி போய்விடும் என்ற முதலாளியின் அச்சத்துக்கு இதுவே பதில்.

நின்று வேலை செய்யும் மேசைகளைப் பற்றியும் ஒரு சொல். அவை உட்காரும் நேரத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் நாள் முழுதும் நிற்பதும் காலில் நரம்பு சுருட்டலையும் இடுப்பு வலியையும் கொண்டுவரும். 1953இல் லண்டன் பேருந்துகளை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ், உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட மாடிப்படி ஏறியிறங்கிச் சீட்டு கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். அவர்களைக் காத்தது நிற்றல் அன்று, நடமாட்டம். 2016இல் லான்செட் இதழில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு, நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உடலுழைப்பு நெடுநேர உட்காரலால் வரும் மரண அபாயத்தைப் பெருமளவு போக்குகிறது என்றது.

சட்டமும் பொறுப்பும்

ஐரோப்பா 1990இலேயே திரைப்பணிக்கென ஓர் ஆணை இயற்றியது. பணியிடத்தை ஆராய்வதும், இடைவேளையோ வேலை மாற்றமோ தருவதும், கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் முதலாளியின் கடமை என்றது. அமெரிக்காவில் 2000 நவம்பரில் வெளியான விரிவான பணிச்சூழலியல் விதியை அடுத்த மார்ச்சில் நாடாளுமன்றமே ரத்து செய்தது. நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948 அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலை வைத்திருந்தது. சிலிக்கோசிஸ், ஈய நஞ்சு போன்றவை இருந்த அந்தப் பட்டியலில் கீபோர்டுப் பணியாளரின் கைவலி இடம்பெறவில்லை.

ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தி. நகர் துணிக்கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பெண்களின் துன்பம் பல்லாண்டு பேசப்பட்ட பிறகு, கேரளம் 2018இல் காட்டிய வழியில் 2021இல் நம் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலையின் இடையே கிடைக்கும் வாய்ப்பில் அவர்கள் உட்காரலாம் என்றது அது. நின்றே இருப்பவருக்கு உட்காரும் உரிமை தந்த சட்டம், உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்து நடக்கும் உரிமையையும் தர வேண்டும். உயரம் மாற்றக்கூடிய இருக்கை, கால்தாங்கி, மணிக்கு ஐந்து நிமிட ஓய்வு, ஆண்டுக்கொரு கண் பரிசோதனை ஆகிய நான்கையும் இ-சேவை மையம் முதல் பன்னாட்டு நிறுவனம் வரை எல்லாத் திரைப்பணியாளருக்கும் கட்டாயமாக்கலாம். செலவும் பெரிதல்ல.

சட்டம் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று வேலைக்கு அமரும்போது முழங்கையின் உயரத்தைப் பாருங்கள், பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். மேலாளராக இருப்பவர்கள், ஊழியர் எழுந்து நடந்தால் அதைச் சோம்பல் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். வலியோடு வேலை செய்வது உழைப்பின் அடையாளம் அல்ல; தடுக்கக்கூடிய ஒரு காயத்தை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.